எந்த நீரின் பாசி?

குவீன்ஸ்டவுன் வட்டாரத்தில் மழைநீர் வடிகால் எதையாவது குனிந்து பார்த்தால், நீர் ஏறி இறங்கிய உயரம்வரை சிமெண்டுச் சுவரில் ஒரு பச்சைப் படலம் ஒட்டியிருப்பது தெரியும். துப்புரவு செய்பவருக்கு அது வழுக்கல், தேய்த்துக் கழுவ வேண்டியது. இந்தப் பக்கத்து மழைநீரில் ஒரு பகுதி அலெக்சாந்திரா கால்வாய் வழியே சிங்கப்பூர் ஆற்றுக்கும் அங்கிருந்து மரீனா நீர்த்தேக்கத்துக்கும் போகிறது. ஆகவே குடிநீரைச் சுத்திகரிப்பவர்களுக்கும் பாசி என்பது வடிகட்டி நீக்க வேண்டிய ஒன்றுதான். இதே வட்டாரத்தில்தான் 2003இல் திறக்கப்பட்ட பயோபொலிஸ் ஆய்வு வளாகம் இருக்கிறது. அங்கே 2020 முதல் ஓர் அரசாங்க ஆய்வுக் கழகம் நாளைய உணவைப் பற்றியே ஆராய்ந்து வருகிறது. பக்கத்துக் கென்ட் ரிட்ஜ் மேட்டில் சிங்கப்பூர் தேசியப் பல்கலைக்கழகம். விலங்கின்றிப் புரதம் தேடும் இன்றைய உலகில் நுண்பாசிக்கு முன்வரிசையில் இடம் உண்டு. வடிகாலில் அழுக்கு, ஆய்வில் உணவு என்று ஒரே உயிர்க்கூட்டத்தைப் பற்றி இரண்டு முடிவுகள் அருகருகே நிற்கின்றன. அவற்றுக்கு நடுவில் ஒரு வேலை இருக்கிறது. அந்தப் படலத்தில் இருப்பவை எவை எனப் பிரித்தெடுக்க வேண்டும், பிரித்ததன் உடலில் என்ன இருக்கிறது என அளக்க வேண்டும். பிரிப்பதைத் தாவரவியலாரின் பழைய பழக்கமாகவும், அளப்பதை உணவுத் தொழிலின் உடனடித் தேவையாகவும் நாம் தனித்தனியே வைத்திருக்கிறோம். இரண்டும் ஒரே வேலைதான். முதற்பாதியை விட்டுவிட்டுப் பெற்ற எண் நம்மை ஏமாற்றும்.

தமிழில் பாசி என்ற சொல்லின் வீச்சு பெரிது. குளத்தில் படர்வதும் பாசி, பாறையில் வழுக்குவதும் பாசி, இராமநாதபுரக் கடலோரத்துப் பெண்கள் மூழ்கிப் பறித்து வருவதும் பாசி. ஊருணிப் பாசியைத் தலைவியின் பசலைக்கு உவமை சொன்ன பரணர், அது தொட்டால் விலகுவதையும் விட்டால் மீண்டும் பரவுவதையும் குறுந்தொகையின் 399ஆம் பாடலில் கணக்கில் எடுத்துக்கொண்டார். அது மிகக் கூர்மையான கவனிப்பு. ஒரே பரப்பாகத் தெரிவது உண்மையில் ஒன்றோடொன்று ஒட்டாத கோடிக்கணக்கான துகள்களின் கூட்டம் என்பதால்தான் விலகவும் கூடவும் அதனால் முடிகிறது. நுண்ணோக்கியின் கீழ் அந்தக் கூட்டம் இன்னும் பிரிகிறது. பச்சை உருண்டைகள், நான்கு நான்காகச் சேர்ந்த கதிர் வடிவங்கள், கண்ணாடி ஓடு போர்த்திய டயாட்டம்கள், சுருள் சுருளான நீலப்பச்சை இழைகள், இவற்றையெல்லாம் மேய்ந்து திரியும் ஓரணு விலங்குகள், எங்கும் பாக்டீரியா. இந்தக் கலவையை அப்படியே உலர்த்தி அளந்தால் ஓர் எண் கிடைக்கும். அது அன்றைய தினத்து ஒரு கூட்டத்தின் சராசரி. அடுத்த மழைக்குப் பின் அந்தக் கூட்டமே மாறியிருக்கும்.

பிரித்தெடுப்பது கையால் செய்யும் நுட்பமான தொழில். கண்ணாடிக் குழாயொன்றைச் சுடரில் காட்டி, அது இளகும் கணத்தில் வெளியே எடுத்து இழுத்தால், நுனி மயிரிழையாக மெலியும். நுண்ணோக்கியில் கண்ணை வைத்தபடி அந்த நுனியை ஒரே ஓர் உயிரணுவின் பக்கம் கொண்டுபோனால், நீரோடு சேர்ந்து அதுவும் குழாய்க்குள் ஏறும். அதைக் கிருமி நீக்கிய நீர்த்துளி ஒன்றில் விட வேண்டும். மீண்டும் தேடி எடுத்து அடுத்த துளியில், பிறகு அதற்கடுத்த துளியில் விட வேண்டும். ஒவ்வொரு துளியிலும் ஒட்டிவந்த அயலார் சிலர் கழிகிறார்கள். கடைசித் துளியில் அது மட்டும் மிஞ்சினால் உப்புகள் கரைத்த வளர்ப்பு நீருக்கு மாற்றி வெளிச்சத்தில் வைக்கிறார்கள். சில வாரங்களில் குழாய் பச்சையாகத் திரும்பலாம், திரும்பாமலும் போகலாம். சளைக்காத இனங்களை அகர் தட்டில் கோடு கோடாக இழுத்துத் தனிப்புள்ளிகளாக வளர்த்தும் பிரிக்கலாம். ஆனால் தட்டில் வேகமாக வளர்வது எதுவோ அதுவே கைக்கு வரும் என்பது அந்த முறையின் குறை. இத்தனைக்குப் பிறகும் குழாயில் இருப்பது ஒரே பாசியா, பாசியோடு பாக்டீரியாவும் உண்டா என்பதைத் தனியாகச் சோதிக்க வேண்டும். பாசி ஒன்றே ஆனாலும் பாக்டீரியா கலந்திருந்தால், பின்னர் அளக்கும் நைட்ரஜனில் ஒரு பங்கு அந்தப் பாக்டீரியாவுடையது. சத்துப் பகுப்பாய்வு எங்கே தொடங்குகிறது என்று கேட்டால், அது இந்தக் கண்ணாடி நுனியில் தொடங்குகிறது என்றே சொல்ல வேண்டும்.

இப்படிப் பிரித்தெடுத்தது எவ்வளவு காலம் நிலைக்கும் என்பதற்கு நெதர்லாந்தின் டெல்ஃப்ட் நகரம் சாட்சி. மார்ட்டினஸ் பையெரிங்க் அங்கே குளத்து நீரிலிருந்து குளோரெல்லா வல்காரிஸைத் தனியாக வளர்த்து 1890இல் விவரித்தார். அந்த வளர்ப்பின் வழித்தோன்றல் ஜெர்மனியின் கோட்டிங்கன் பாசிச் சேகரத்தில் எண்ணிட்ட குழாயில் இன்றும் உயிரோடு இருக்கிறது. நூற்று முப்பது ஆண்டுகளுக்கு மேலாக யாரோ ஒருவர் அதைப் பழைய குழாயிலிருந்து புதிய குழாய்க்கு மாற்றிக்கொண்டே வந்திருக்கிறார். இன்று மருந்துக்கடை அலமாரியில் மாத்திரையாகவும் பச்சைப் பொடியாகவும் இருக்கும் எந்த நுண்பாசிக்கும் இதுபோல ஒரு குளமோ ஏரியோ பூர்வீகம். அந்தப் பூர்வீகம் உடலிலும் தெரியும். கான்ஸ்டன்டைன் சொரோகினும் ஜாக் மயர்ஸும் 1953இல் அறிவித்த டெக்சஸ் குளோரெல்லா, மற்றவை திணறும் 39 டிகிரி வெப்பத்தில் செழித்து வளர்ந்தது. பார்வைக்கு அது மற்றப் பச்சை உருண்டைகளைப் போன்றதுதான். இனத்தின் பெயர் மட்டும் போதாது, எந்த நீரிலிருந்து வந்த கால்வழி என்பதும் தெரிய வேண்டும் என்று சொல்ல இதைவிட எளிய சான்று வேண்டியதில்லை.

இனி அளவைக்கு வருவோம். பாசியின் புரதத்தை அளக்க இன்றும் பரவலாகக் கையாளப்படுவது, கோபன்ஹேகனில் ஜோஹான் கெல்டால் 1883இல் வகுத்த முறையும் அதன் வழிவந்தவையும். பொடியைக் கொதிக்கும் கந்தக அமிலத்தில் கரைத்து, அதிலுள்ள நைட்ரஜனை அம்மோனியாவாக வெளியேற்றி அளப்பார்கள். அதாவது அளக்கப்படுவது நைட்ரஜன். புரதம் என்ற எண் பெருக்கலில் பிறக்கிறது. சராசரிப் புரதத்தில் 16 விழுக்காடு நைட்ரஜன் என்று கொண்டு 6.25ஆல் பெருக்குவது வழக்கம். பாசியின் நைட்ரஜன் முழுதும் புரதத்தில் இல்லை. குளோரோபில்லில் இருக்கிறது, நியூக்ளிக் அமிலங்களில் இருக்கிறது, உயிரணுவுக்குள் சேமித்த நைட்ரேட்டிலும் இருக்கிறது. அமினோ அமிலங்களை ஒவ்வொன்றாக அளந்து ஒப்பிட்ட ஆய்வாளர்கள், நுண்பாசிக்குச் சராசரியாக 4.78 என்ற பெருக்கெண்ணே பொருந்தும் என்று காட்டினார்கள். ஒரு பொடியில் 10 விழுக்காடு நைட்ரஜன் இருப்பதாக வைத்துக்கொள்வோம். ஒரு பெருக்கெண்ணில் அது 62.5 விழுக்காடு புரதம், மற்றதில் 47.8 விழுக்காடு. பொடியில் ஒரு துகளும் மாறவில்லை, சிப்பத்தில் அச்சாகும் எண் மட்டும் நூற்றுக்குப் பதினைந்து மாறிவிட்டது. நைட்ரஜனைப் புரதமாக எண்ணும் இந்தப் பழக்கத்தைத் தீயவர்கள் பயன்படுத்தினால் என்ன ஆகும் என்பதை 2008இல் சீனப் பால்மாவு காட்டியது. நைட்ரஜன் மிகுந்த மெலமைனைக் கலந்தவர்கள் சோதனையில் தேறினார்கள், குழந்தைகளின் சிறுநீரகங்கள் பாழாயின. பாசி விற்பவர்கள் அப்படிப்பட்டவர்கள் என்று சொல்ல இதை நினைவூட்டவில்லை. பெருக்கெண்ணைச் சொல்லாத எண்ணை எண்ணாகவே ஏற்கக்கூடாது என்பதற்காகச் சொல்கிறேன்.

பெருக்கெண் சரியாக இருந்தாலும் அடுத்த கேள்வி காத்திருக்கிறது. பல பச்சைப்பாசிகளை நைட்ரஜன் குறைந்த நீருக்கு மாற்றினால், சில நாளில் புரதம் சரிந்து கொழுப்போ மாவுச்சத்தோ ஏறும். வெளிச்சத்தைக் கூட்டினால் நிறமிகளின் விகிதம் மாறும். அறுவடை ஒரு வாரம் தள்ளினால் மறுபடி மாறும். நெல்லுக்கும் மண்ணும் பருவமும் உண்டு என்றாலும், நாள்கணக்கில் தன் உடலை இவ்வளவு மாற்றிக்கொள்ளும் பயிர் வேறில்லை. ஆகவே இந்த இனத்தில் இவ்வளவு புரதம் என்ற வாக்கியம் பாதி வாக்கியம்தான். அளந்தது உடலில் சேருமா என்பது அதற்கும் மேலான கேள்வி. குளோரெல்லாவின் சுவர் தடித்தது. அதை உடைக்காவிட்டால் உள்ளிருப்பதில் பெரும்பகுதி செரிக்காமலே கடந்துபோகும். சுருள்பாசி என்று நம்மிடையே வழங்கும் ஸ்பைருலினாவில் பி12 இருப்பதாகச் சைவ உணவுக்காரர்களிடம் ஒரு நம்பிக்கை உண்டு. அதிலுள்ள அந்தச் சத்தில் பெரும்பங்கு மனித உடல் பயன்படுத்த முடியாத போலி வடிவம். பாக்டீரியாவை வளர்த்து அளக்கும் பழைய சோதனை, உண்மை வடிவம், போலி வடிவம் இரண்டையும் வேறு பிரிக்காமல் சேர்த்து எண்ணியதால்தான் அந்த நம்பிக்கை பிறந்தது. இறைச்சி, முட்டை, பால் எதையும் தொடாதவர் அந்த எண்ணை நம்பி வேறு வழி தேடாமல் இருந்தால் நரம்புத் தளர்ச்சி வரை போகலாம். அளவைப் பிழை இங்கே ஒருவரின் உடல்மேல் விழுகிறது.

தமிழ்நாட்டில் பிரிப்பது, அளப்பது என்ற இந்த இரண்டு பாதிகளும் ஒருகாலத்தில் சேர்ந்தே நடந்தன. சென்னை மாநிலக் கல்லூரியிலும் பல்கலைக்கழகத்திலும் எம்.ஓ.பி. ஐயங்கார் ஒரு பாசியியல் மரபையே உருவாக்கினார். மண்ணில் வாழும் ஃபிரிட்ஷியெல்லா என்ற புதிய பேரினத்தை 1932இல் உலகுக்கு அறிவித்தவர் அவர். அந்த மரபில் வந்த டி.வி. தேசிகாசாரி 1959இல் வெளியிட்ட நீலப்பச்சைப்பாசிப் பெருநூலை உலகெங்கும் ஆய்வாளர்கள் கையில் வைத்து இனம் கண்டார்கள். அந்த அறிவு இருந்ததால்தான் பின்னர் சென்னைத் தரமணியில் சி.வி. சேஷாத்ரி நடத்திய முருகப்பச் செட்டியார் ஆய்வு மையத்தில், மெக்சிகோவிலிருந்தோ சாடு ஏரியிலிருந்தோ விதை வாங்காமல், மதுரைப் பக்கத்து நீர்நிலையில் கிடைத்த சுருள்பாசியையே பிரித்தெடுத்து வளர்க்க முடிந்தது. அந்த மையத்தின் முயற்சியில் சுமார் 5,000 சிறு குழந்தைகளுக்கு நாளுக்கு 1 கிராம் வீதம் 150 நாள் சுருள்பாசி கொடுத்தபோது, வைட்டமின் ஏ குறைவால் கண்ணின் வெண்படலத்தில் தோன்றும் புள்ளிகள் பெரிதும் குறைந்ததாகப் பதிவாகியிருக்கிறது. இதில் கவனிக்க வேண்டியது ஒன்று. ஒரு கிராம் பொடியில் புரதம் அரை கிராம் அளவே, ஒரு முட்டையிலோ ஆறு கிராம். குழந்தைகளின் கண்ணைக் காத்தது விளம்பரத்தில் பெரிதாக எழுதப்படும் புரதம் அல்ல, உடலில் வைட்டமின் ஏ ஆக மாறும் பீட்டா கரோட்டின். அதுவும் வெயிலிலும் சூட்டிலும் எளிதில் சிதைவது. எந்தக் கால்வழி, எப்படி உலர்த்தினார்கள், எந்தச் சத்தை அளந்தார்கள் என்று தெரிந்ததால்தான் அந்த ஒரு கிராம் மருந்துபோல் வேலை செய்தது. 1991இல் திருச்சி பாரதிதாசன் பல்கலைக்கழகத்தில் கடல்சார் நீலப்பச்சைப்பாசிக்கென ஒரு தேசிய மையம் தொடங்கப்பட்டதும் இந்தத் தொடர்ச்சியில்தான்.

உள்ளூர் நீரிலிருந்தே பாசியைப் பிரித்தெடுக்க வேண்டும் என்பதற்கு வரக்கூடிய மறுப்புகளில் வலுவானது இது: நல்ல கால்வழிகள் ஏற்கனவே வெளிநாட்டுச் சேகரங்களில் இருக்கின்றன, தபாலில் வரவழைக்கலாம், வடிகால் நீரைக் கிளறுவது எதற்கு? டெக்சஸ் குளோரெல்லாவின் கதையே இதற்குப் பதில். அதுவும் ஒருகாலத்தில் யாரும் கிளறாத நீரில்தான் இருந்தது. ஆண்டு முழுதும் முப்பது டிகிரியை ஒட்டி நிற்கும் சிங்கப்பூர் நீரில், கனமழையின் வெள்ளத்தையும் மதிய வெயிலையும் தாங்கிப் பிழைத்திருப்பவற்றுக்கு என்ன திறன் உண்டு என்பது டெல்ஃப்ட் குளத்துப் பாசியை வளர்த்துத் தெரியப்போவதில்லை. குளிரூட்டிய தொட்டியில் வளர்க்கலாம், ஆனால் அந்த மின்சாரச் செலவு புரதத்தின் விலையில் ஏறும். காட்டுப் பாசியில் நஞ்சு இருக்குமே என்பது அடுத்த மறுப்பு. இருக்கும், உண்மை. அமெரிக்காவின் ஓரிகன் மாநிலத்தில் ஏரிப் பாசியை அப்படியே அள்ளி உலர்த்தி விற்றபோது, கூடவே வளர்ந்த மைக்ரோசிஸ்டிஸின் ஈரல் நஞ்சும் சேர்ந்தே வந்தது. 1997இல் அந்த மாநிலம் கிராமுக்கு 1 மைக்ரோகிராம் என்று உச்சவரம்பு வைத்தது. ஜொகூர் நீரிணையின் மீன்பண்ணைகளில் 2014இலும் 2015இலும் பாசிப் பெருக்கம் மீன்களைக் கொன்றதை இவ்வூர் மறந்திருக்காது. இவை காட்டுவது பிரித்தெடுக்காமல் அள்ளுவதன் ஆபத்தை. எது உணவு, எது நஞ்சு என்று சொல்ல, ஒவ்வொன்றையும் தனிக்குழாயில் வைத்துப் பார்த்தவரால்தான் முடியும்.

மூன்றாவது மறுப்பை இலேசாக ஒதுக்க முடியாது. பாசி உலகின் பசியைத் தீர்க்கும் என்று 1950களிலேயே சொன்னார்கள். வாஷிங்டனின் கார்னகி நிறுவனம் 1953இல் பாசி வளர்ப்பைப் பற்றித் தனி நூலே வெளியிட்டது. எழுபது ஆண்டு கடந்தும் பசியைக் குறைத்தது கோதுமையும் நெல்லும் சோயாவும்தான். புரதத்தின் விலையில் இன்றும் சோயாவோடு பாசி போட்டியிட முடியாது. இதை ஒப்புக்கொண்டே சொல்கிறேன், அந்த வாக்குறுதி எழுந்ததும் சரிந்ததும் ஓரளவு எண்களால்தான். வளரும் வேகத்தை ஆய்வகக் குடுவையில் அளந்து ஏக்கருக்குப் பெருக்கினார்கள், நைட்ரஜனை அளந்து புரதத்துக்குப் பெருக்கினார்கள், செரிமானத்தைப் பின்னுக்குத் தள்ளினார்கள். பெருக்கிப் பெற்ற எதிர்பார்ப்பு பெருக்கிய அளவுக்கே ஏமாற்றமாகவும் ஆனது. நேர்மையான எண்கள் சிறியவையாக இருக்கும். ஆனால் சிறிய எண்களிலிருந்து சரியான பயன் புலப்படும். சோற்றுக்கும் பருப்புக்கும் பதிலாகப் பாசி வராது. குழந்தையின் கஞ்சியில் கரோட்டினாக, மீன்குஞ்சுகளின் முதல் இரையாக, மீனுண்ணாதவரின் உணவில் ஒமேகா கொழுப்பாக வரலாம். அவ்வளவே அதன் இடம் என்றாலும் அது சிறிய இடமில்லை.

எந்தப் பாசி, அதில் உண்மையில் எவ்வளவு சத்து என்ற இந்தக் கேள்வி சிங்கப்பூருக்கு அவசரமானது. உணவில் 90 விழுக்காட்டுக்கும் மேல் இறக்குமதியாகும் நாடு இது. ஊட்டச்சத்துத் தேவையில் 30 விழுக்காட்டை 2030க்குள் உள்ளூரில் விளைவிப்பது என்ற 2019ஆம் ஆண்டு இலக்கு, 2025இல் கைவிடப்பட்டு, 2035க்குள் புரதத்தில் 30 விழுக்காடும் நார்ச்சத்தில் 20 விழுக்காடும் என்று மாற்றப்பட்டது. இலக்கே புரதக் கணக்கில் வகுக்கப்பட்ட பிறகு, புரதம் என்று எதை எண்ணுகிறோம் என்பது ஆய்வகத்துக்குள் முடிகிற விஷயமல்ல. சிங்கப்பூர் உணவு அமைப்பின் விதிப்படி, குறைந்தது 20 ஆண்டுகள் உணவாகப் பயன்பட்ட வரலாறு இல்லாதது புதுவகை உணவு, அதற்குப் பாதுகாப்பு ஆய்வும் அனுமதியும் தேவை. குவீன்ஸ்டவுன் நீரில் கிடைக்கும் பெயரறியாப் பாசி எதுவும் அந்த வாசலில்தான் நிற்கும். அந்த விதியை முட்டுக்கட்டை என்று குறைப்பவர்கள் உண்டு. என் பார்வையில் அது இந்தத் துறைக்கு வாய்த்த நல்ல ஒழுங்கு. உண்பது எது, எங்கிருந்து வந்தது, எப்படி வளர்க்கப்பட்டது என்று சொல்லாமல் அந்த வாசலைக் கடக்க முடியாது. அந்தக் கேள்விகளுக்குப் பதில் வைத்திருப்பவர் நீர்நிலைக்குப் போய்ப் பிரித்தெடுத்து வந்தவர்.

வேண்டியது பெரிய ஆலை அல்ல. இவ்வூரின் நீர்த்தேக்கங்கள், கால்வாய்கள், சதுப்புக்காடுகள், வடிகால்கள் என எங்கும் மாதிரி எடுத்து, பிரித்து, எண்ணிட்டு, குழாய் மாற்றி உயிரோடு வைத்திருக்கும் ஓர் அலமாரியும், அதற்கு நீடித்த சம்பளம் பெறும் சில கைகளும் போதும். திட்டக்காலம் முடிந்ததும் குழாய்கள் காய்ந்துபோனால் அளந்த எண்கள் அனைத்தும் அநாதையாகும். எந்த உயிரைப் பற்றிய எண் என்று திரும்பிப் பார்த்துச் சரிசெய்ய வழி இருக்காது. பாசிப் பொடியின் சிப்பத்தில் இனப்பெயரோடு சேகரக் குழாயின் எண், முதலில் எடுத்த நீர்நிலை, நைட்ரஜனைப் பெருக்கிய எண் என்று மூன்று வரிகள் கூடுதலாக அச்சாக வேண்டும். வாங்குபவர் எல்லாரும் அவற்றைப் படிக்கமாட்டார்கள். ஆனால் அந்த மூன்றையும் அச்சிட முடிந்த நிறுவனத்துக்கு, தான் விற்பது எந்த நீரின் பாசி என்று தெரிந்திருக்கும். சாப்பிடுகிறவருக்கு அதைக் கேட்கும் உரிமை உண்டு.